கண்டக்டரின் ரைட்

பதினெட்டு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிற எனக்கு, கடத்தூரிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸின் கண்டக்டர் மேல் பொறாமை. வேறு பெயர் சொல்லி மறைக்க விருப்பமில்லை.

ஒல்லியான மனிதர். காதோரம் நரை, காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. விசில் அவருக்குப் பிடிக்காது. பின்படியில் நின்றபடி நாள் முழுக்க ‘ரைட்’ என்பார். நீட்டிச் சொன்னால் வண்டி கிளம்பும். வெட்டிச் சொன்னால் டிக்கெட் கொடுத்தாயிற்று என்று பொருள். சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்களிடம் தணிந்த குரலில் “ரைட்டு, விடுங்க” என்றால் சண்டையே முடிந்துவிடும். அதே சொல்லுக்கு நான் கரும்பலகையில் ஏழு பொருள் எழுதிப் போட்டேன். வகுப்பில் ஒருவரும் கொட்டாவியை நிறுத்தவில்லை.

ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியதும், பக்கத்தில் நின்ற என்னிடம் கரகரத்தார்.

“சார், சத்தமே வரலைங்க. நீங்க ஒரு ரைட் குடுங்க.”

நெஞ்சு நிமிர்ந்தது. திருத்தமான உச்சரிப்பில் உரக்கச் சொன்னேன். வண்டி அசையவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

“யாருங்க அது? கண்டக்டர் சொல்லாம வண்டிய எடுக்க மாட்டேங்க!”

பஸ் முழுக்க என்னையே பார்த்தது.

“தப்பா நெனைக்காதீங்க சார். அவருக்கு நான் சொன்னாத்தான் பழக்கம்” என்ற கண்டக்டர், பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி கிளம்பியது. வாயைத் திறக்காமல் அவர் சொன்ன ரைட்டும் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.