தண்ணீர் குடிக்காத கண்டக்டர்

எங்கள் வண்டியின் கண்டக்டர் காலை ஐந்தரைக்கு ஏறினால் மதியம் இரண்டு மணிக்கு இறங்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஒன்பது வருடமாக அவளோடு ஒரே வண்டியில் ஓடுகிறேன். அதில் எட்டு வருடம் இது என் கண்ணில் படவே இல்லை. இத்தனைக்கும் நான் டிரைவர். மூன்று கண்ணாடி பார்த்து ஓட்டுகிறவன்.

குரல் என்றால் அவளுக்குத்தான் குரல். பின்வாசலில் தொங்குகிற பெரிய மனிதர்கள்கூட அவள் ஒரு அதட்டல் போட்டால் பள்ளிப் பிள்ளைகளாக உள்ளே வந்துவிடுவார்கள். தினமும் வருகிறவர்கள் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். யாராவது தூங்கிப்போனால் தோளைத் தட்டி இறக்கிவிடுவாள். டெப்போவில் முதன்முதலாக வேலைக்கு எடுத்த இரண்டு பெண் கண்டக்டர்களில் ஒருத்தி. மற்றவள் ஆறே மாதத்தில் ஓடிவிட்டாள். ஏன் ஓடினாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

டெப்போவிலிருந்து கடைசி நிறுத்தத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். அங்கே ஒரு டீக்கடை, ஒரு ஜல்லிக் குவியல், இரண்டு மரம். வண்டி ஆறு நிமிடம் நிற்கும். நான் இறங்கி மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்து டீ குடிப்பேன். அவள் சீட்டிலேயே உட்கார்ந்து கணக்குத் தாளை எழுதிக்கொண்டிருப்பாள். பொறுப்பான பெண் என்று எனக்குள் மெச்சிக்கொள்வேன்.

போன வருடம் ஒருநாள் ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்தபடியே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பயணிகளோடு வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினேன். சிறுநீர்த் தொற்று, ஒரே வருடத்தில் மூன்றாவது தடவை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, இனியும் அடக்கினால் அதைக் காப்பாற்ற முடியாது, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் திட்டித் தீர்த்தார். அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்றேன்.

"உங்களுக்கு மரம் இருக்குண்ணே. அந்த மரத்துப் பின்னாடி நான் போனா, மறுநாள் எல்லார் செல்போன்லயும் நான்தான் ஓடுவேன்" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சங்கத் தேர்தல் வந்தது. செயலாளராக வருகிறவர் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும், எந்த நிறுத்தத்தில் என்ன வசதி வேண்டும் என்று முடிவு செய்யலாம். நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எங்கள் கண்டக்டரின் சொந்த நாத்தனார், புருஷனின் தங்கை. டெப்போ அலுவலகத்தில் டியூட்டி போடுகிற கிளார்க். நன்றாகப் பேசுவாள். செயலாளர் பதவிக்கு ஒரு பெண் நிற்பது அதுவே முதல் தடவை. இன்னொருவர் வெள்ளைமீசை என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய். அவர் தாத்தா காலத்தில் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பேச்சில் இன்னும் வேற்று வாடை அடிக்கும். ஆக, கிழவர், ஆண், போதாக்குறைக்கு நம்மாள் வேறு இல்லை. டெப்போவில் அவர் கதை அன்றே முடிந்துவிட்டது.

எங்கள் கண்டக்டர் இரண்டு பேரிடமும் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கட்ட வைக்க முடியுமா, அதற்குப் போய்வர நேரம் வாங்கித் தர முடியுமா?

"அண்ணி, முதல்ல நான் ஜெயிக்கிறேன். அந்த நாற்காலியில ஒரு பொம்பளை உக்கார்றதே எவ்ளோ பெரிய விஷயம். மத்ததெல்லாம் தானா வரும்" என்றாளாம் நாத்தனார். அவள் மேஜையிலிருந்து பத்தடியில் அலுவலகக் கழிப்பறை இருக்கிறது. பூட்டும் உண்டு, சாவியும் அவளிடம்தான்.

வெள்ளைமீசை மறுநாள் எங்கள் வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தார். காலடியால் இடத்தை அளந்தார். டீக்கடைக்காரனிடம் குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று விசாரித்து, பேட்டரி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் படம் போட்டார். அவருடைய தேர்தல் நோட்டீசில் ஒரே கோரிக்கைதான் இருந்தது. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள இரண்டு கழிப்பறை, ஆறு நிமிடத்துக்குப் பதில் பதினாறு நிமிடம். பெரிசுக்குத்தான் அவசரம் போலிருக்கிறது என்று டெப்போ முழுக்கச் சிரித்தார்கள். சர்க்கரைக்காரர், அவருக்கும் அவசரம்தான். அவர் அதை மறைக்கவும் இல்லை.

அவள் வெள்ளைமீசைக்காக ஓட்டுக் கேட்கக் கிளம்பியதும் வீட்டில் பூகம்பம். மாமியார் பேச்சை நிறுத்திவிட்டாள். குடும்பத்துப் பெண்ணை விட்டுவிட்டு எவனோ ஒரு வேற்று ஆளுக்கா என்று புருஷன் குதித்தானாம். அவள் சொன்ன பதிலை அவளே என்னிடம் சொன்னாள்.

"உங்க தங்கச்சிக்கு என் வீட்ல எப்பவும் இடம் இருக்கு. என் ஓட்டுல இல்ல."

அலுவலகத்துப் பெண்கள் அவளைத் துரோகி என்றார்கள். பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று நீட்டி முழக்கினான் ஒரு டிரைவர். வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கும் உட்கார இடம் கொடுக்காதவன் அவன்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். நான் நாத்தனாருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எங்கள் கண்டக்டர் படுகிற பாட்டைப் பார்த்து, பெண்ணின் கஷ்டம் பெண்ணுக்குத்தான் தெரியும் என்று மனசாரப் போட்டேன். கிழவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றுவிடுவார் என்றும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் நம்மாள் இல்லை என்பதும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த நோட்டீசை நான் படிக்கக்கூட இல்லை. போட்டுவிட்டு வந்து, உனக்காக ஒரு பெண்ணுக்குப் போட்டேன் தங்கச்சி என்று பெருமையாக வேறு சொன்னேன்.

என்னையே பார்த்தாள். "நான் கேட்டது பொம்பளை இல்லண்ணே. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய்."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மணி மட்டும் அடித்தாள், அதையும் காது கிழிய அடித்தாள். நாத்தனார் ஏழு ஓட்டில் ஜெயித்தாள்.

ஜெயித்த மூன்றாவது வாரம் நாத்தனார் எல்லாத் தடங்களையும் பார்வையிடப் புறப்பட்டு எங்கள் வண்டியில் ஏறினாள். கூடவே போட்டோ எடுக்க நான்கு ஆண்கள். வெயில் கொளுத்தியது. ஒருவர் சோடா கொடுத்தார், ஒருவர் இளநீர் கொடுத்தார், அவளும் மறுக்காமல் குடித்தாள். அன்றைக்குப் பார்த்து ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம். நின்றதும் ஆண்கள் நால்வரும் மரத்தைப் பார்த்து நடந்தார்கள். நாத்தனார் கண்டக்டரின் காதோரம் குனிந்தாள்.

"அண்ணி, இங்க எங்க போறது?"

எட்டு வருடக் கோபமும் இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. கண்டக்டர் இறங்கி, டீக்கடையில் இருந்த அத்தனை பேரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டாள். திரும்பினார்கள். வண்டிக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவில் நாத்தனாரை அனுப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றாள். இவளுக்குக் காவல் நிற்க இத்தனை வருடத்தில் அங்கே ஒருத்தியும் இருந்ததில்லை. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெப்போவில் இறங்கியதும் நாத்தனார் நேரே பட்டறைக்குப் போய் வெள்ளைமீசையிடம் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினாள்.

நான்கு மாதத்தில் கழிப்பறை வந்தது. பதினாறு நிமிடமும் வந்தது. திறப்பு விழாவுக்கு மைக், நாற்காலி, ரிப்பன். பெண் ஒருத்தி பதவிக்கு வந்ததால் பெண்களின் வேதனை தீர்ந்தது என்று மேலதிகாரி அரை மணி நேரம் பேசினார். பலத்த கைதட்டல். வெள்ளைமீசை கிரீஸ் கையோடு கடைசியில் நின்றிருந்தார். அவர் பெயரை ஒரு வாய் சொல்லவில்லை. எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கலாமா என்று வந்தது. பிடுங்கவில்லை, நான் அப்படிப்பட்ட வீரன் இல்லை.

செயலாளரின் அண்ணியும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவர்களாகவே எங்கள் கண்டக்டரிடம் மைக்கை நீட்டினார்கள்.

"கதவு வந்தது சந்தோஷம்" என்றாள். "இதுக்கு அளவெடுத்தவர் அதோ பின்னாடி நிக்கிறார். நீங்க தோக்கடிச்ச ஆள். என் நாத்தனார் போன வருஷமும் பொம்பளைதான். அவளுக்கு முட்டின அன்னைக்குத்தான் எங்களுக்கு முட்டுறது தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட நேத்து போனேன். என் ஒரு பக்கச் சிறுநீரகம் இனிமே வேலை செய்யாதாம். யார் நம்மாள், யார் கிழவன், யார் பொம்பளைன்னு இத்தனை பார்த்தீங்களே, அந்த நோட்டீசுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒருத்தராவது பார்த்தீங்களா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று யாரோ முனகினார்கள். அவள் வண்டியில் ஏறி மணி அடித்தாள். நான் போய் சீட்டில் உட்கார்ந்தேன். சாவி போடக் கை வரவில்லை.