அந்த ஒற்றைத் தும்மல் என்னுடையது

தும்மியது நான்தான். என் தம்பி ராசு அல்ல!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தும்மலுக்கெல்லாமா வாக்குமூலம் என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்... கேட்டவனும் நான்தான், பதில் சொல்லாமல் நழுவினவனும் நான்தான்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளை. நான் கண்டியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவன். போன வருஷம் விடுமுறைக்கு வந்திருந்தபோது, வெள்ளைக்காரத் துரை அதிசயமாக அப்பாவுக்கு லீவு கொடுத்தார். மாத்தளையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க் கடல் பார்த்து வருவது என்று முடிவாயிற்று. என் அம்மா தோட்டத்திலேயே பிறந்தவள், தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவிடம் அவள் கேட்ட ஒரே பயணம் அது!

ராசுவையும் தங்கை செல்லத்தையும் அதற்காக உசுப்பேற்றும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். அடடா, என்ன அமர்க்களம்! பெஞ்சுப் பலகைதான் ரயில். செல்லம் கார்டு, ராசு என்ஜின். அண்டாவில் உப்பைக் கரைத்து, "இதான்டா கடலு, குடிச்சுப் பாரு" என்றேன். ராசு ஒரு மொடக்குக் குடித்து முகத்தைக் கோணினான்.

"ஐயோ கரிக்குதே! மீனெல்லாம் இதையாண்ணே குடிக்குது?"

"கொழும்புக்குப் போயி அதுங்ககிட்டயே கேளு."

"இவன் கேட்டா மீனு செத்தே போயிரும்" என்றாள் செல்லம்.

அப்புறம் சுரங்கப் பயிற்சி. ரயில் போகிற வழியில் கடுகண்ணாவை மலைச் சுரங்கத்தில் கரிப்புகை மூக்கைத் துளைக்கும், தும்முகிறவனைக் கார்டு இறக்கிவிட்டுவிடுவான் என்று அளந்தேன். பாயைப் போர்த்தி இருட்டாக்கினேன். என் கைக்குட்டையில் மிளகுத் தூளைத் தட்டி, இருவர் மூக்கருகிலும் உதறினேன். செல்லம் தும்மித் தோற்றாள். ராசு? கண்ணீர் வழிய வழிய அடக்கினான், ஐயா! கிளம்புகிற அன்று காலையிலும் "இன்னொரு தடவண்ணே" என்று கேட்டு வாங்கி அடக்கினான்.

எல்லோரும் உடுத்தி நின்றோம். அப்பா வாசற்படியில் கால் வைத்தார். நான் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன்... அதே கைக்குட்டை!

ஹச்!

எங்கள் தோட்டத்தில் துரைக்குப் பயப்படாதவனைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தும்மலுக்குப் பயப்படாதவனைப் பார்த்ததில்லை. புறப்படும்போது ஒன்று விழுந்தால் போன காரியம் உருப்படாது. கூடவே இன்னொன்று விழுந்தால் தோஷமில்லை, தாராளமாக நடக்கலாம். இதைக் கேளுங்கள்... எனக்கு இரண்டாவதும் வந்தது! மூக்கு நுனிவரை வந்தது! அகப்பட்டுக்கொள்வேனே என்று அதைக் கிள்ளி அடக்கிவிட்டேன்.

"எவன்டா அது?" அப்பா திரும்பினார்.

சகுனம் பார்ப்பது மூடத்தனம் என்று கல்லூரி மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கிய வாய் இது. அன்றைக்கு அது எங்கே போயிற்று? நான் ராசுவைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்! அப்பாவின் கண்ணும் என் கண் போன வழியே போயிற்று.

"நான் இல்லப்பா!"

"மூக்கு செவந்து கெடக்கு, பொய் வேறயா? எல்லாரும் உள்ள வாங்க. தண்ணி குடிச்சு, செத்த உக்காந்துட்டுதான் எறங்கணும்."

"ஏங்க, பஸ்ஸு போயிருங்க..." அம்மாவின் குரல் கெஞ்சியது.

உட்கார்ந்தோம். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே தூரமாயிற்று. அந்த பஸ்ஸை விட்டால் ரயில் இல்லை. ரயிலை விட்டால் லீவு இல்லை.

"கடலு எங்க ஓடியா போயிரும்?" என்று அம்மா சிரித்தாள். சிரித்தபடியே புதுச் சேலையை அவிழ்த்து மடிக்கப் போனாள். அவள் அறையிலிருந்து வெளியே வர ரொம்ப நேரமாயிற்று.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. இரண்டாம் நாள் ராசுவே என்னிடம் வந்து, "ஒருவேள நாந்தான் தும்முனேனோண்ணே? எனக்குத் தெரியாமலே வந்துருக்குமோ?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுடா, போனது போச்சு" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்!

இப்போது மறுபடியும் லீவு கிடைத்திருக்கிறது. நாளைக் காலை பயணம். வீடு ஒரே கூத்து! செல்லம் கூவுகிறாள், அம்மா அதே சேலையை எடுத்து வைத்துவிட்டாள், அப்பாகூடச் சீட்டியடிக்கிறார். ராசு மட்டும் சற்றுமுன் ஒரு துண்டோடு என்னிடம் வந்தான்.

"மூக்கக் கட்டி விடுண்ணே. ராவே கட்டிட்டா பயமில்ல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... கட்டிவிட்டேன்.

"இன்னும் இறுக்குண்ணே" என்றான்.

இறுக்கினேன்.