இன்னொரு கைப்பிடி

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த அன்று, குவார்ட்டர்ஸ் கூடத்தின் மூலையில் பூப்போட்ட துணி மூடிய ஒரு பெட்டியைப் பார்த்தாள் பார்வதி. பீரோ வாங்குகிற வரைக்கும் துணிமணியை அதில் போட்டு வைத்திருக்கிறார் போல என்று நினைத்தாள். சங்கரலிங்கம் துணியை விலக்கிக் காட்டினார்.

"ஆம்ப். கிட்டார் சத்தம் இதுலேருந்துதான் வரும்."

அவர் மைன்ஸில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் இல்லாத நாட்களில் பண்ருட்டி பீர் முகமதுவின் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பார். அந்த ஆம்ப்பைச் சென்னையில் ஒரு வாத்தியக்காரரிடம் பழையதாக வாங்கியிருந்தார். வால்வு வைத்தது, சூடேறின பிறகுதான் வாயைத் திறக்கும். அரிசி மூட்டை கனம். இரண்டு பக்கமும் கைப்பிடி. வீடோ மாடியில். மறுபக்கம் பிடித்து இறக்கித் தருகிற பக்கத்து வீட்டுக்காரர் வேறு பிளாக்குக்கு மாறிப் போனதும், அந்தக் கைப்பிடி பார்வதியின் கைக்கு வந்தது.

"படி வரைக்கும் பிடிச்சா போதும்" என்றார் முதல் நாள். படியிலிருந்து வேன் வரைக்கும் ஆயிற்று. வேனில் ஏற்றியதை அங்கே போய் இறக்க வேண்டாமா? அவரவருக்கு அவரவர் வாத்தியமே பெரும் பாடு. பார்வதியும் ஏறிக்கொண்டாள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கோயில் திருவிழா அது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பீர் முகமது, "தங்கச்சி ஏறியாச்சா?" என்று கேட்காமல் வேனை எடுக்க விட்டதில்லை. வைகாசியில் பண்ருட்டியைத் தாண்டும்போது பலாப்பழ வாசனை வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காடாம்புலியூர்ப் பக்கம் நிறுத்தி டீ குடிப்பார்கள். மகள் ஹரிணி கைக்குழந்தையாக அவள் மடியில் தூங்கியபடி வந்தாள். பிறகு பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தாள். பிறகு கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பார்வதியின் இடம் மட்டும் மாறவில்லை. மேடைக்குப் பின்பக்கம், ஆம்ப்பை ஒட்டி, வயர் பெட்டியின் மேல். மார்கழிக் குளிரில் ஆம்ப்பின் முதுகில் கையை வைத்தால் இதமாக இருக்கும். பாட்டு என்றால் அவளுக்கு அந்தக் கதகதப்பும், சூடான தூசி வாசனையும், முன்னால் வியர்வையில் ஒட்டிக்கிடக்கும் அவர் சட்டை முதுகும்தான்.

போன வருஷம் அவளுக்கு வலது தோள் தூக்க முடியாமல் போயிற்று. கனமானது எதையும் தொடக் கூடாது என்றார் டாக்டர். அடுத்த மாதமே சங்கரலிங்கம் ஒரு பார்சலைப் பிரித்தார். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. மேலே நாலைந்து திருகு குமிழ், காலால் மிதிக்க ஒரு பொத்தான்.

"ப்ரீஆம்ப் பெடல். கிட்டார இதுல சொருகி, இங்கேருந்து நேரா சவுண்டு மிக்சருக்குக் குடுத்துட்டா ஆம்ப்பே வேண்டாம். இனிமே நீ கஷ்டப்பட வேண்டியதில்ல பார்வதி."

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளும் சிரித்து வைத்தாள்.

முதல் கச்சேரிக்குக் கிட்டார் பையை மாட்டிக்கொண்டு அவர் தனியாகப் படியிறங்கியபோது, பார்வதி கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வந்து டிவியைப் போட்டாள், நிறுத்தினாள். ஆறு மணிக்கே சோறு வடித்தாள். வேன் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டாள். தன் ஜன்னலோர சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அவருக்கும் சரியாக ஓடவில்லை. "சத்தமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. முன்னல்லாம் முதுகுல வந்து தட்டும். இப்ப எங்கயோ தூரத்துல யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே.

"நானும் பக்கத்துல இல்ல" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரசத்தை ஊற்றினாள்.

சில மாதம் இப்படியே போனது. டவுன்ஷிப்பிலேயே ஒரு ரிசப்ஷன் வந்தது. ஸ்கூட்டரில் போகிற தூரம். அவர் கிளம்பும்போது பார்வதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? தூக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே."

"தூக்கத்தான் வரணுமா?"

சங்கரலிங்கம் அவளையே பார்த்தார். இத்தனை மாதமும் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "கட்டாயம்னு சொல்லி உன்னய இழுத்துட்டு அலையறேன்னுதான் நான்..." என்றார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் அவளுக்கு இடமில்லை. ஜனங்களோடு ஜனமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் பாட்டில் கிட்டாரே கேட்கவில்லை. கீபோர்டு, தபேலா, பாடகி அருள்மொழியின் குரல் எல்லாம் இருந்தது, அவரைக் காணோம். இத்தனை வருஷம் பாட்டு முழுவதும் அவர்தான் என்று நினைத்திருந்தவள் நாற்காலி நுனிக்கு வந்து காதைக் கொடுத்தாள். இரண்டாவது பாட்டில் அருள்மொழி மூச்சு வாங்கிய இடத்தில் மெல்ல மேலே வந்தது கிட்டார். வந்து, அடுத்த அடியைப் பாடுகிறவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதுதானா இவர் வேலை!

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். கண் பாதி மூடி, உதட்டைக் குவித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவன் தானும் வாயைத் திறப்பதுபோல, ஒவ்வொரு சுரத்துக்கும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத முகம். பார்வதிக்குச் சிரிப்புப் பொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது சிரிப்பினால்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

எழுந்து, மண்டபத்தின் நடுவில் மிக்சரோடு உட்கார்ந்து சவுண்டு பார்த்துக்கொண்டிருந்த நெடுமாறனிடம் போனாள்.

"தம்பி, கிட்டார் இன்னும் கொஞ்சம் வேணும்."

"இன்னாக்கா, நான் கேட்டுக்கினுதான இருக்கேன்."

"முன்னாடி வந்து கேளு."

அவன் எழுந்து போய்க் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி வந்து ஏற்றினான்.

இப்போதெல்லாம் கச்சேரியில் அவளுக்கு நெடுமாறன் பக்கத்தில் ஒரு நாற்காலி. வெளியூர் என்றால் வேனில் பழைய ஜன்னல் சீட்டு. "அக்கா, உங்க வூட்டுக்காரு சத்தம் போதுமா?" என்று அவனே கேட்டுக்கொள்கிறான். பெரும்பாலும் போதாது என்றுதான் சொல்கிறாள்.