ரோதையில் கட்டிய சிவப்புத் துணி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கஹவத்தைப் பக்கத்து கொழுந்தைத் தூளாக்கும் எங்கள் தேயிலை ஸ்டோரில் 'தரக் குழுத் தலைவர்' என்ற அட்டையை என் சட்டையில் குத்திவிட்டார்கள். எங்கள் தேயிலையை வாங்கும் ஜப்பான் கம்பெனியிலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறாராம். அவர் முகம் சுளித்தால் நான் மறுபடியும் அடுப்புக்கு விறகு தள்ள வேண்டியதுதான் என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சொல்லிவிட்டார். என் முதுகில் பாதி ஏற்கெனவே அந்த அடுப்போடு போய்விட்டது.

அவர் வருமுன் வேண்டாத சாமான்களில் நான் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். கட்டியதெல்லாம் வெளியே போகும். கடைசியாக, கொழுந்து அரைக்கும் பழைய மிஷின் ஒன்று. ரோதை என்போம். உடைந்து மூலையில் கிடந்தது. அதற்கு வரும்போது அட்டை தீர்ந்துவிட்டது. கேட்டால் ஏசுவார்களோ என்று பயந்து, ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தால் ரோதை பளபளக்கிறது. மஞ்சள், குங்குமம், செவ்வரத்தம்பூ மாலை. முன்னால் உடைத்த தேங்காய்.

தூள் சலிக்கும் அக்காவிடம் ஓடினேன்.

"என்னக்கா இது?"

"தலைவரு நீங்கதானே துணி கட்டினீங்க? வெள்ளக்காரன் வர்ற பயத்துல தம்பி மிஷினக் காக்குற ரோதைமுனிக்கு நேந்துக்கிட்டாருன்னு நெனச்சோம்."

"ஐயோ, வர்றது ஜப்பான்காரரு!"

"யாரா இருந்தா என்ன, முனிக்குத் தெரியாதா?"

"கழட்டுங்கக்கா."

"கட்டுன கைதான் கழட்டணும்."

கையை நீட்டினேன். முனி கோபித்துக்கொண்டால்? இழுத்துக்கொண்டேன். அதற்குள் டீமேக்கர் ஐயாவும் ஜப்பான்காரரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஜப்பான்காரர் ரோதையைக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். டீமேக்கர் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சிங்களத்தில் என்னிடம், "மொகத மே?" என்றார். பொய் வரவில்லை. வீசப்போகிற சாமான் என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

ஐயா அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல, ஜப்பான்காரர் மாலையையும் தேங்காயையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ரோதைக்கு முன் குனிந்து வணங்கினார். அவர்கள் ஊரிலும் பழைய ஊசியைக்கூட நன்றி சொல்லித்தான் ஒதுக்குவார்களாம். இப்படி ஒரு குழுவை எங்கும் பார்த்ததில்லையாம்.

விறகிலிருந்து தப்பினேன். ஆனால் அடுத்த வாரமே சாமான் அகற்றும் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'அகற்றுமுன் நன்றி செலுத்தப்பட்டதா?' கீழே என் கையெழுத்து.

ரோதையை ஏற்ற வந்த லொறிக்காரர்கள் குங்குமத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள். கும்பிட்டுவிட்டு வெறும் லொறியோடு போனார்கள். டீமேக்கர் ஐயாவும் இப்போது அதைச் சுற்றித்தான் நடக்கிறார். 'அகற்றப்பட்டதா?' என்ற கட்டத்தில் மாதாமாதம் நான் 'நாளை' என்று எழுதுகிறேன்.