போனுக்கும் மோடத்துக்கும் ஒரே வயர்

சிங்கப்பூர் கம்பெனி ஒன்று வெப் டிசைனர் வேலைக்கு என்னை போனிலேயே இன்டர்வியூ செய்வதாகச் சொல்லியிருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. என் அறையில் போன் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அக்கா வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய் இறங்கினேன். மேலே சட்டை, டை. கீழே லுங்கி. போனில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று லுங்கி கட்டியவன், டையை மட்டும் யாருக்காகக் கட்டினேனோ.

உட்கார முடியவில்லை. போனில் உயிர் இருக்கிறதா என்று ரிசீவரைத் தூக்கித் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன்.

“ஏண்டா பேஜார் பண்ற? நீ தூக்கிட்டே இருந்தா அவங்களுக்கு எங்கேஜ்டுதானே வரும்?” என்றாள் அக்கா.

வைத்தேன். அடித்தது.

எதிர்முனையில் பொறுமையான ஒரு பெண் குரல். அக்காவின் சர்ச் பாடகர் குழுவுக்காக நான் செய்திருந்த வெப்சைட்டை அவர் அங்கே திறந்து வைத்திருந்தார். எல்லா எழுத்தும் ஏன் மினுக்மினுக்கென்று அணைந்து எரிகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதைக் கலை என்று நான் நம்பியிருந்தேன். மினுக்கலை நிறுத்தி, அடியில் கிடந்த பட்டன்களை மேலே கொண்டுவரச் சொன்னார். அரை மணி கழித்துக் கூப்பிடுவாராம்.

வேலை சின்னதுதான். ஆனால் சுவரிலிருந்து வந்தது ஒரே வயர். போனில் செருகினால் பேச்சு. பிடுங்கி மோடத்தில் செருகினால் இன்டர்நெட். பிடுங்கினேன். மோடம் கீச்சிட்டது, கனைத்தது, லைன் அறுந்தது. மறுபடி. திருத்திய பக்கம் இன்டர்நெட்டில் ஏறி முடிப்பதற்குள் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்து தரையைத் தேய்த்துவிட்டேன்.

பிறகு போன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி தாண்டி வெகுநேரமாகியும் சத்தமில்லை.

“பட்டன் பிடிக்கல போலக்கா.”

காபியோடு வந்தவள் போனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். “டேய் வெப் டிசைனரு, வயர் எங்கடா?”

மோடத்தில் இருந்தது. பாய்ந்து மாற்றிச் செருகியதும் மணி அடித்தது. ஏன் இத்தனை நேரம் எடுக்கவில்லை என்றார் அவர். மழை, லைன்மேன், தூரத்துச் சித்தப்பாவின் சாவு என்று பொய்கள் வரிசைகட்டி நின்றன; அவசரத்தில் உண்மை முந்திக்கொண்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். முடிவை மெயிலில் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் அக்கா வீட்டிலேயே கிடந்தேன். மெயில் பார்க்க வயரைப் பிடுங்குவேன். மனசு கேட்காமல் அவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டால்? உடனே செருகுவேன். அதற்குள் மெயில் வந்திருந்தால்? பிடுங்குவேன்.

வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். பட்டன்கள் நன்றாக இருந்தனவாம்.

“பட்டனுக்கு சர்ட்டிபிகேட் குடுத்துட்டு ஆள விட்டுட்டாங்களா?” என்றாள் அக்கா.

கம்ப்யூட்டரைக் கட்ட எழுந்தவன், துபாயில் ஒரு கம்பெனி ஆள் தேடுவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன். விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்ட இடம் வந்ததும் கை நின்றது. திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

“என்னடா முழிக்கிற? எழுதித் தொலை.”