விரிக் கிடங்கில் ரோங்

1985 ஆகஸ்ட், தென்கோளத்தின் குளிர்காலம், ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் வீடு இருந்த பக்குரங்காவிலிருந்து, கிடங்குகள் நிறைந்த விரி என்ற ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். காலை எட்டு மணிக்கு மருமகன் குகனின் காரில் புறப்பட்டோம். பினாங்கிலிருந்து மகளைப் பார்க்க வந்து, மூன்று வாரமாக ஹீட்டர் அருகே சுகமாகக் கிடந்தவன் நான். குகன் யாழ்ப்பாணத்தவர், விரியில் ஒரு கம்பளிக் கிடங்கில் வேலை. அன்று சீன ஆலை ஒன்றிலிருந்து லின் என்ற அம்மையார் சரக்கு வாங்க வருகிறார். முதலாளி முதன்முறையாக விற்பனையைக் குகனிடம் விட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளருக்கோ காய்ச்சல்.

"மாமா, உங்களுக்குச் சீனம் கதைக்கத் தெரியுமாம். உங்கட மகள் சொன்னவ."

"பினாங்குல பொறந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா லா இது?"

எனக்குத் தெரிந்தது, சந்தையில் மீன் வாங்கப் போதுமான அளவு பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியன். மாண்டரினில் சில சொற்கள். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

லின் அம்மையார் 'யாங் ரோங்' கேட்டார். யாங் என்றால் ஆடு; நம் சொல்லைப் போலவே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொது. ஆட்டின் ரோங் கம்பளியாகத்தானே இருக்கும்? "நல்ல கம்பளி கேக்குறாங்க" என்றேன். குகன் செம்மறிப் பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அம்மையார் தொட்டுப் பார்த்து, "மாவ்" என்று கையசைத்தார். நான்காவது பொதியிலும் அதே கையசைப்பு.

"என்னவாம் மாமா?"

"அவங்க பேசுறது தெளிவா இல்ல."

அது பொய். அவர் தெளிவாகத்தான் பேசினார். கைப்பையை மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்குத் திரும்பியபோது குகனின் முகம் வெளிறியது.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது. ரோங்னா என்னன்னு எனக்குத் தெரியாது."

"ஐயோ மாமா! முதல் பொதியிலயே சொல்லியிருக்கலாமே!"

அம்மையாரிடம் ஓடி, "புரியவில்லை, காட்டுங்கள்" என்று உடைந்த மாண்டரினில் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கிடங்கைச் சுற்றிவந்து, மூலையில் கிடந்த வெள்ளாட்டு ரோம மூட்டைக்குள் கைவிட்டார். நீண்ட முரட்டு இழைகளைப் பிரித்தெடுத்து, "மாவ்" என்றார். அடியில் புகைபோல மிஞ்சிய மென்மையை உயர்த்தி, "ரோங்" என்றார். பிறகு கைச்சாடையோடு விளக்கினார்: பூனை முடி, கோழி இறகு, செம்மறிக் கம்பளி எல்லாம் மாவ்தானாம். குளிருக்கு உடம்பை ஒட்டி வளரும் பூம்பஞ்சு மட்டுமே ரோங். வாத்தின் நெஞ்சுத் தூவிக்கும் அதே பெயர். காஷ்மீர்ச் சால்வை நெய்வது இதில்தான்.

"ஓம், இது எங்களிட்ட இன்னும் இருக்கு!" என்று குகன் உள்ளே பாய்ந்தார். இருந்த ஒன்பது மூட்டையும் விலைபோயின.

ஞாயிறன்று மங்கரே விமான நிலையத்தில் பெட்டியை இறக்கியபடி குகன் சொன்னார்: "லின் அம்மா அடுத்த ஆகஸ்டும் வாறாவாம், காய்ச்சல் மாறி வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னவர். நீங்களும் வாங்கோ மாமா."

"எனக்குத்தான் சீனம் தெரியாதே."

"அது இப்ப அவவுக்கும் தெரியும். அதாலதான் உங்களைக் கேட்டவ."

பினாங்கில் நாற்பது ஆண்டு எல்லாம் தெரிந்தவனாக வாழ்ந்தேன். அங்கே யாரும் என்னை இப்படித் திரும்பக் கூப்பிட்டதில்லை.