தண்டுக்குள் புறணி

இங்கே வளைகுடாவில், அப்பாசியா பக்காலாக் கடையில் வாங்கிய தண்டுக்கீரையை நறுக்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் வந்து, "அம்மா, டைகாட் ஸ்டெம்ல கார்டெக்ஸ் எங்க இருக்கும்?" என்றாள்.

"புறத்தோலுக்கு உள்ளே. புறணி" என்று வாய் தானாகச் சொன்னது. பச்சைத் தண்டின் வாடை மூக்கில் ஏற, பழைய வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டேன்.

சாயங்காலமானால் அத்தை பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்து கீரை ஆய்வாள். கீரையைவிட ஊரார்தான் அதிகம் ஆயப்படுவார்கள். அன்று நான் தாவரவியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்: "புறத்தோலுக்கு உட்புறம் இருப்பது புறணி. புறணி பல அடுக்குகளால் ஆனது."

அத்தை கீரையைக் கீழே போட்டாள். "யாருடி புறணி பேசுறது? படிக்கிற சாக்குல என்னையே குத்திக்காட்டுறியா?"

"புக்குல அப்படித்தான் அத்தே போட்டிருக்கு." படத்தையே காட்டினேன். தண்டுக்குள் புறணி இருக்கும் என்பதை அவள் கடைசிவரை நம்பவில்லை. அப்புறம் அந்தப் பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படித்தேன்.

அப்படிப் படித்தது எதற்கு உதவியது? "புறணின்னா என்ன?" என்று மகள் முகம் சுளித்தாள். அகத்தோல், வாஸ்குலார் கற்றை என்று விளக்க விளக்க அவள் விழித்தாள். கீரைத்தண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன், அதையும் பார்க்கவில்லை.

"கலாஸ்மா, போதும். இங்கிலீஷ்ல தெரியலேன்னா விடு."

அடுத்த அறைக்குப் போய்த் தோழிக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு பயாலஜியே தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

அதற்குப் பெயர்தான் புறணி. அதைச் சொல்லித் திட்டினாலும் அவளுக்குப் புரியாது.